அலுவலகம் பூட்டியிருந்தது, கெடு ஓடிக்கொண்டிருந்தது

வாசகி ஒருவர் எடிசனிலிருந்து எழுதுகிறார்:

“நியூ ஜெர்சியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் தருவிக்கிறோம். மாம்பழமும் பச்சை மிளகாயும் இங்கேயே எடுத்துப் பத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். கடந்த செப்டம்பர் கடைசி வாரம், உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அதிகாரி ஒருவர் வந்து ஆலையைப் பற்றிய காகிதங்களைப் பார்த்தார். குறைகளை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் பதில் தயாரிப்பதற்குள், நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசு அலுவலகங்கள் மூடும் அரசு முடக்கம் வந்துவிட்டது. ‘ஆபீஸே மூடியாச்சு, யாருக்கு பதில் எழுதப்போறீங்க?’ என்றார் தெரிந்த கடைக்காரர். நானும் விட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில்தான் அனுப்பினேன். தப்பு செய்துவிட்டேனா?

இன்னொன்று. ஜனவரி 20-க்குள், உணவு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று பதிவு வைக்கச் சொல்லும் டிரேசபிலிட்டி விதிக்குத் தயாராகாவிட்டால் அபராதம் என்று சொல்லி ஒருவர் விலை உயர்ந்த மென்பொருளை விற்றார். இப்போது அந்த விதியே தள்ளிப்போய்விட்டது என்கிறார்கள். முடக்கத்தின்போது எங்கள் கணக்காளர் தம்பியின் எச்-1பி நீட்டிப்பும் சிக்கி, அவர் தவித்துப்போனார். முடக்கம் வந்தால் விதிகள் இருக்கின்றனவா, இல்லையா? மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பதில் தாமதமாகப் போனது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் உங்கள் வியாபாரத்தை நிறுத்தப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் நல்ல மனதோடு சொன்னது தவறான யோசனை. இறக்குமதி செய்யும் நம்மவர்களுக்குப் பல வருடங்களாக இந்தச் சட்ட வேலையைச் செய்து தருகிறேன். 2013-ல் 16 நாள், 2018-19-ல் 35 நாள், 2025-ல் 43 நாள் என்று மூன்று நீண்ட முடக்கங்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ‘இப்ப எந்த ரூலும் இல்ல’ என்ற பேச்சு கடைவீதியில் கிளம்பும். அதை நம்பிச் சும்மா இருந்தவர்கள், அலுவலகம் திறந்த பிறகு கையில் கடிதத்தோடு என்னைத் தேடி வருவார்கள்.

அந்த அதிகாரி உங்களிடம் கொடுத்தது அநேகமாக 483ஏ என்ற படிவம். உணவை இறக்குமதி செய்கிறவர், அதைத் தயாரித்து அனுப்பும் வெளிநாட்டு ஆலை பாதுகாப்பாகத்தான் தயாரிக்கிறதா என்று தானே சரிபார்த்து, சரிபார்த்ததற்குக் காகிதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்த கடமை. அதில் அதிகாரி கண்ட குறைகளின் பட்டியல்தான் 483ஏ. அது தீர்ப்பு அல்ல. ஆனால் பதிலும் திருத்தமும் இல்லாமல் கிடந்தால், அடுத்தது எச்சரிக்கைக் கடிதமாக இருக்கலாம். அதற்கும் மேலே போனால் 99-41 என்ற எண்ணுள்ள இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறலாம். அதில் ஏறிவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த நிலைக்கு நீங்கள் போகவில்லை, போகவும் தேவையில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நவம்பரில் அனுப்பிய பதிலுக்குத் துணையாக ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ‘நீங்கள் மூடியிருந்தீர்கள், அதனால் பதில் எழுதவில்லை’ என்ற வரி அதில் வேண்டாம். எந்தக் குறையை எந்தத் தேதியில் சரி செய்தீர்கள், அதற்கு எந்தக் காகிதம் சான்று என்று வரிசையாகச் சொல்லுங்கள். அனுப்பும் முன் ஒரு மதியம் உட்கார்ந்து, ஆலை அனுப்பிய ஆய்வகச் சான்றிதழ்களையும் கிடங்கில் இருக்கும் அட்டைப்பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிதழில் இருக்கும் பேட்ச் எண்ணும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா? சால்மோனெல்லா கிருமிச் சோதனை அந்தப் பொடிக்குச் செய்ததா, அல்லது அதே ஆலையின் வேறு பொடிக்குச் செய்த சான்றிதழையே நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்களா? நான் பார்த்த வரையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொடி சுத்தமாகவே இருக்கும், காகிதம் வேறு பொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். காகிதம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தயாராக வைத்திருங்கள்.

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். முடக்கத்தில் உண்மையில் நிற்பது எது?

அமெரிக்க அரசியல் சாசனத்தின்படி, காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் துறைகள் இதைச் சுற்றி வளைத்துப் பார்த்தன. ஆண்டு முழுவதற்கும் கொடுத்த பணத்தைச் சில மாதங்களிலேயே தீர்த்துவிட்டு, ‘ஒப்பந்தம் போட்டாயிற்று, ஆள் வேலை செய்தாயிற்று, பணம் கொடுங்கள்’ என்று காங்கிரஸின் முன்னால் போய் நிற்கும். இந்தப் பழக்கத்தை அடக்க 1870-ல் தொடங்கிப் படிப்படியாக இறுக்கப்பட்டதுதான் பற்றாக்குறைத் தடைச் சட்டம். அதில் 1884-ல் சேர்ந்த ஒரு பகுதி, அரசு ஊழியர் சம்பளம் வாங்காமல் விருப்பத்தோடு வேலை செய்வதையும் தடுக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு. தெரிந்தே மீறினால் 2 ஆண்டு வரை சிறை என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அக்டோபரில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வராததற்குக் காரணம் இந்தச் சட்டம். அந்த அதிகாரி மனமிரங்கி வீட்டிலிருந்தே உங்கள் கடிதத்தைத் திறந்து பார்க்க நினைத்திருந்தாலும், அவர் அதைச் செய்யக் கூடாது.

இந்தச் சட்டம் அவ்வளவு பழையது என்றாலும் இன்று நாம் பார்க்கும் முடக்கம் பழையது அல்ல. 1980 வரை நிதி தடைபட்டால் துறைகள் செலவைச் சுருக்கிக்கொண்டு, பணம் எப்படியும் வந்துவிடும் என்று வேலையைத் தொடர்ந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் மூடத்தான் வேண்டும் என்று கருத்து எழுதினார். அடுத்த வாரமே, மே 1 அன்று, முதன்முதலாக மூடியது ஒரு ஒழுங்குமுறை அமைப்புதான். வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். 1981 ஜனவரியில் சிவிலெட்டி எழுதிய இரண்டாவது கருத்துதான் யார் வேலைக்கு வரலாம், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்ற இன்றைய கோட்டைப் போட்டது. 1990-ல் காங்கிரஸ் அந்தக் கோட்டை இன்னும் குறுக்கி, அன்றாட அரசு வேலைகளை ‘அவசரம்’ என்ற பெயரில் தொடர முடியாது என்று தெளிவாக்கியது.

ஆக, முடக்கத்தில் நிற்பது ஆட்களின் வேலை மட்டும்தான். விதிகள் தனிச் சட்டங்களின் பலத்தில் நிற்கின்றன. அந்தச் சட்டங்களை யாரும் நிறுத்திவைக்கவில்லை. சரக்கு கப்பலில் வந்தால் குறைந்தது 8 மணி நேரத்துக்கு முன்னால், விமானத்தில் வந்தால் 4 மணி நேரத்துக்கு முன்னால் எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்ற விதி அந்த 43 நாளும் அப்படியே இருந்தது. உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரைக் கேளுங்கள், அக்டோபரில் ஒரு கன்டெய்னருக்குக்கூட அவர் அதை விட்டிருக்க மாட்டார். இறக்குமதி உணவைத் துறைமுகத்தில் சலித்துப் பார்க்கும் வேலை உயிர்ப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ந்தது, அதனால் அது தொடர்ந்தது. இறைச்சி வெட்டும் ஆலைகளில் ஆய்வாளர் கூடவே நின்றால்தான் உற்பத்தியே நடக்கலாம் என்பதால் அவர்களும் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். 2025 நவம்பரில், முடக்கம் முடிவதற்குச் சில நாள் முன்பு, கைக்குழந்தைகளுக்கு போட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்ததையொட்டி ஒரு பால்பவுடர் திரும்பப் பெறப்பட்டதே, அந்த விசாரணையும் கதவு மூடியிருந்த நாட்களில் நடந்ததுதான்.

தொடராதது வழக்கமான ஆய்வு. உங்களிடம் செப்டம்பரில் வந்ததுபோல, புகார் எதுவும் இல்லாமல் முறைப்படி வந்து பார்க்கிறார்களே, அந்த வேலை. 2018-19 முடக்கத்தில் இது நின்றுபோனபோது, அப்போதைய எஃப்.டி.ஏ. ஆணையர் ஸ்காட் காட்லீப், அபாயம் அதிகமுள்ள உணவுகளைச் செய்யும் ஆலைகளையாவது பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லி, ஜனவரி நடுவில் ஆய்வாளர்களைச் சம்பளமில்லாமலேயே திரும்ப அழைத்தார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. நம் பிள்ளைகள் தின்னும் கீரையையும் பாலாடைக்கட்டியையும் பார்க்க வேண்டியவர் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஆலைக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் மொத்தச் சம்பளமும் வந்துவிடும் என்று 2019-ல் சட்டம் போட்டார்கள், உண்மைதான். வங்கிக் கடனின் தவணை பின்னால் வருவதில்லையே.

எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி மூடுவதும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. எஃப்.டி.ஏ.வின் மருந்துப் பிரிவுக்கு மருந்துக் கம்பெனிகள் கட்டும் கட்டணம் பெரிய பலம், உணவுப் பிரிவோ பெரும்பாலும் காங்கிரஸ் ஒதுக்கும் பணத்தை நம்பியிருக்கிறது. அதனால் உணவுப் பக்கம்தான் அடி அதிகம். மருந்துப் பிரிவுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நடப்பு நிதியாண்டுக்கு ஒதுக்கீடு ஆகாத வரை புதுக் கட்டணத்தை வாங்கும் அதிகாரமே அவர்களுக்கு இல்லை. கையில் இருக்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பார்கள், கட்டணத்தோடு வரும் புது விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். நம் ஊரில் ஜெனரிக் மருந்து தயாரித்து இங்கே அனுப்பக் காத்திருப்பவர்களுக்கு அந்த 43 நாள் அப்படியே கணக்கில் கழிந்துபோனது.

அனுமதி கேட்டுக் காத்திருப்பவர்கள்தான் முடக்கத்தில் அதிகம் தவிக்கிறார்கள் என்பது என் அனுபவம். 2018-19-ல் சின்னச் சின்ன பீர் தயாரிப்பாளர்கள், பீர் தயாராக இருந்தும், புட்டியில் ஒட்டும் லேபிளுக்கு ஒப்புதல் தர ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். லேபிள் இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. நேர்மையாக வரிசையில் நிற்பவர் நஷ்டப்படுகிறார், கண்ணில் படாமல் குறுக்கே போகிறவர் தப்பிக்கிறார். முடக்கத்தை ‘அரசாங்கத்துக்கு லீவு, நமக்கு நிம்மதி’ என்று கொண்டாடுகிற வியாபாரிகளிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி உங்கள் மென்பொருள் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புது விதிகள் முடக்கத்தில் என்ன ஆகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு விதி பிறப்பதற்கு இந்த நாட்டில் வழிமுறை உண்டு. 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, முன்வரைவை ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கால அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளைப் படித்துப் பதில் சொல்லி, இறுதி விதியை மறுபடி அரசிதழில் போட வேண்டும். பெரிய விதியானால் நடுவில் வெள்ளை மாளிகையின் மேற்பார்வை அலுவலகமும் பார்க்கும். இருக்கும் விதியின் தேதியைத் தள்ளிப்போட வேண்டுமானாலும் இதே பாதைதான். முடக்கத்தில் இந்தப் பாதை முழுவதும் உறைந்துவிடும். அரசிதழ் அலுவலகம் உயிர், உடைமை அவசரத்துக்கான அறிவிப்புகளையும் நிதி தடைபடாத துறைகளின் அறிவிப்புகளையும் மட்டும் வெளியிடும். தினமும் தலையணை மாதிரி வரும் இதழ் மெலிந்து சில பக்கங்களாகிவிடும்.

டிரேசபிலிட்டி விதிக்கு ஆரம்பத்தில் குறித்த தேதி 2026 ஜனவரி 20. அதை 30 மாதம் தள்ளிப்போட உத்தேசித்திருப்பதாக 2025 மார்ச்சில் எஃப்.டி.ஏ. சொன்னது. ஆகஸ்டில் முன்வரைவு வந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் கருத்துக் காலமும் முடிந்தது. மீதமிருந்தது இறுதி விதி மட்டும். அக்டோபர் 1 அன்று முடக்கம் வந்துவிட்டது. உத்தேசம் இருக்கிறது, முன்வரைவு இருக்கிறது, ஆனால் சட்டப்படி நிற்கும் தேதி இன்னும் ஜனவரி 20. உங்களிடம் மென்பொருள் விற்றவர் இந்த இடைவெளியில்தான் வந்திருக்கிறார். அவர் சொன்னது பொய் அல்ல, பாதி உண்மை. அந்த நாட்களில் என்னைக் கேட்டிருந்தாலும் ‘இன்றைய சட்டப்படி தேதி ஜனவரி 20-தான்’ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் எஃப்.டி.ஏ. என்ன சொல்லியிருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி, பணத்தைக் கொட்டாமல் காத்திருக்க வழி காட்டியிருப்பேன். அவர் அந்தப் பாதியை உங்களிடம் சொல்லவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது வேறு வழியில். நவம்பர் 12 அன்று அரசாங்கத்தைத் திறந்த நிதிச் சட்டத்தோடு சேர்த்தே, 2028 ஜூலை 20-க்கு முன் இந்த விதியை அமல்படுத்தக் கூடாது என்று காங்கிரஸ் எஃப்.டி.ஏ.வுக்குக் கட்டளையிட்டுவிட்டது. ஒரு துறை மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை நிதிச் சட்டத்தின் ஒரு குறிப்பு முடித்துவைத்தது.

அதனால் விதி ரத்தாகவில்லை, தேதிதான் மாறியிருக்கிறது. உங்கள் சரக்கில் எது அதற்குள் வருகிறது என்று பாருங்கள். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், காய்ந்த மிளகாய் எதுவும் வராது. பதப்படுத்தாமல் அப்படியே விற்கும் மாம்பழம், கொய்யா, பலா, பச்சை மிளகாய், வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லித் தழை எல்லாம் வரும். விதி கேட்பது பெரிய மென்பொருளை அல்ல. மாம்பழப் பெட்டியில் பேக் செய்தவர் போட்ட லாட் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். அந்தப் பேலட்டைப் பிரித்து எந்தப் பெட்டி எந்தக் கடைக்கு, எந்த நாளில் போனது என்பது உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும். நோய் பரவி எஃப்.டி.ஏ. கேட்டால் 24 மணி நேரத்துக்குள் கணினி அட்டவணையாகக் கொடுக்க முடிய வேண்டும். பத்துக் கடைக்குப் போடும் உங்களுக்கு ஒழுங்காக நிரப்பிய எக்செல் கோப்பே போதும். மென்பொருளின் வருடச் சந்தா புதுப்பிக்கும் நாள் எப்போது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்று எழுதியிருந்தால் அதற்கு முன்பே எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கணக்காளர் தம்பிக்கு நடந்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம். எச்-1பி மனுவைப் பார்க்கும் குடியேற்ற அலுவலகம் விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில் ஓடுவதால் அது மூடவில்லை. ஆனால் மனுவோடு வைக்க வேண்டிய, சம்பளம் முதலிய வேலை நிபந்தனைகள் பற்றிய எல்.சி.ஏ. சான்று தொழிலாளர் துறையிலிருந்து வர வேண்டும், அது ஒதுக்கீட்டுப் பணத்தில் ஓடும் துறை. அக்டோபர் முழுக்க அதற்கு விண்ணப்பிக்கும் ஃப்ளாக் இணையதளமே மூடிக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் திறந்தது. முடக்கத்தால்தான் மனு தாமதமானது என்று காட்டினால் அதை அசாதாரணச் சூழ்நிலையாக ஏற்போம் என்று குடியேற்ற அலுவலகம் அப்போது அறிவித்திருந்தது. அவர் மனுவில் இந்தக் காரணத்தை வக்கீல் எழுதியிருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இனிமேல் ஒன்று செய்யலாம். எல்.சி.ஏ.வையும் நீட்டிப்பு மனுவையும் 6 மாதம் முன்பே போட அனுமதி இருக்கிறது. விசா முடியும் தேதி அக்டோபர், நவம்பரில் விழுகிறவர்கள் கடைசி மாதம் வரை காத்திருக்கவே வேண்டாம். எல்.சி.ஏ. பரிசீலனைக்கு மட்டும் 7 வேலை நாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

முடக்கம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கெடு உள்ள எந்தக் கடிதத்தையும் கெடுவுக்குள்ளேயே அனுப்புங்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தாலும் சரி. அனுப்பியவுடன் ‘நிதி ஒதுக்கீடு இல்லாததால் பணியில் இல்லை, திரும்பியதும் பதிலளிப்பேன்’ என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். அதை அழித்துவிடாதீர்கள். 2019 ஜனவரியில் என் கட்சிக்காரர் ஒருவருக்காக ஒரு பதிலைக் கெடு நாளன்று மாலை நாலு மணிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அந்தத் தானியங்கிப் பதில் வந்தது. அதை அச்செடுத்து, நாங்கள் அனுப்பிய பதிலின் பின்னால் பின் அடித்து, கோப்பில் வைத்தோம். அலுவலகம் திறந்து, அதிகாரி குவிந்து கிடந்ததையெல்லாம் தாண்டி எங்கள் கோப்புக்கு வர மார்ச் ஆகிவிட்டது. தேதியைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின் அடித்த இரண்டு காகிதமும் அவர் முன்னால் இருந்தன.

அரசிதழில் வந்த முன்வரைவுக்குக் கருத்து அனுப்புவதாக இருந்தாலும் இதேதான். அவகாசத்தை நீட்டிக்க வேண்டுமானால் அந்த நீட்டிப்பையும் அரசிதழில்தான் போட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒரு பக்கமானாலும் எழுதி, கெடுவுக்குள் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். சின்ன இறக்குமதியாளரின் கஷ்டம் என்னவென்று விதி எழுதுகிறவர்களுக்குத் தெரிவது அந்தக் கருத்துகளிலிருந்துதான். நம்மவர்கள் அதில் எழுதுவதே குறைவு.

இனி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வந்த சட்டம் எஃப்.டி.ஏ.வுக்கு 2026 செப்டம்பர் 30 வரை பணம் கொடுத்திருக்கிறது. அடுத்த நாள், அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை, உணவு ஆலைகள் எல்லாம் எஃப்.டி.ஏ. பதிவைப் புதுப்பிக்கும் பருவம். ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டிலும் இது வரும். 2018-ல் அந்தப் பருவத்தின் கடைசிப் பத்து நாள் முடக்கத்துக்குள் விழுந்தது. இந்த ஆண்டு முடக்கம் வருமா என்று என்னால் சோதிடம் சொல்ல முடியாது. வந்தால் இணையப் படிவத்தில் சிக்கல் ஏற்படும்போது போனை எடுக்க ஆள் இருப்பாரா என்பது சந்தேகம்தான். திண்டுக்கல் ஆலையின் பதிவு காலாவதியானால் உங்கள் முன்னறிவிப்பு செல்லாது, சரக்கு துறைமுகத்தில் நிற்கும், வாடகை உங்கள் தலையில் ஏறும்.

புதுப்பிக்கும்போது ஆலைக்கு டன்ஸ் எண், அதாவது நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண், கேட்பார்கள். அந்த எண்ணுக்குரிய முகவரியும் எஃப்.டி.ஏ. பதிவில் உள்ள முகவரியும் பொருந்த வேண்டும். நம் ஊர் ஆலைகளில் இது அடிக்கடி உதைக்கிறது. ஒன்றில் பழைய கதவு எண் இருக்கும், மற்றொன்றில் புதிய எண். ஒன்றில் ‘மெயின் ரோடு’, மற்றொன்றில் ஊராட்சிப் பெயர். திருத்தச் சொல்லி எழுதினால் ஒரே நாளில் ஆகாது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ‘எஃப்.டி.ஏ. சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்பவர்களிடம் ஆலைக்காரர் ஏமாற வேண்டாம், எஃப்.டி.ஏ. அப்படி ஒரு சான்றிதழ் தருவதே இல்லை.

ஆலை முதலாளிக்கு இன்றே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். மூன்று படம் கேளுங்கள். எஃப்.டி.ஏ. பதிவின் முகவரிப் பக்கம், டன்ஸ் விவரம், ஆலை வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் எனக்கு எழுதுங்கள். ஆகஸ்டுக்குள் சரி செய்துவிடலாம்.